அப்பாவின் தோல் ஜாக்கெட்

குழு: நம் குடும்பம்
வியாழன்

நித்யா, இரவு 8:12
[படம்] [படம்]
பாலு சித்தப்பா அப்பாவின் ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஞாயிறு விடியற்காலையில் இதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்ப நினைக்கிறேன், நீண்ட பயணம். கழுத்துப்பட்டி முழுக்க வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. வலது தோளில் தையல் விட்டுப்போய் நான்கு விரல் நுழைகிறது. என்ன செய்யலாம்?

முகிலன், 8:13
ஷூ பாலிஷ் போட்டால் மறைந்துவிடும்.

செல்வி அத்தை, 8:15
அண்ணாவின் ஜாக்கெட்டா! இத்தனை வருடம் எங்கே இருந்தது?

அம்மா, 8:15
பாலு வீட்டில்.

செல்வி அத்தை, 8:15
ஓ.

பாலு சித்தப்பா, 8:18
பத்திரமாகத்தான் வைத்திருந்தேன் அக்கா. பிளாஸ்டிக் உறை போட்டு, டிரங்குப் பெட்டிக்குள். நித்யா, ஒரு நாள் நல்ல வெயிலில் காயப்போடு, எல்லாம் சரியாகிவிடும்.

பெரியப்பா, 8:19
வெயில் கூடாது.

பெரியப்பா, 8:26
நித்யா, அவசரப்பட்டு எதையும் தடவாதே. அந்த வெள்ளை இரண்டில் ஒன்றாக இருக்கும். பூஞ்சையாக இருக்கலாம். அல்லது பதனிடும்போது தோலில் ஏற்றிய கொழுப்பு நாளாவட்டத்தில் மேலே வந்து படிந்திருக்கலாம். தலைமுடி உலர்த்தும் கருவியை மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சில நொடிகள் காட்டு. கொழுப்பு என்றால் உருகி மறையும். பூஞ்சை என்றால் அப்படியே நிற்கும். மோந்தும் பார். பழைய நிலவறை வாடை வந்தால் பூஞ்சைதான். பாலு, பிளாஸ்டிக் உறைதான் இதற்குக் காரணம். தோலில் எப்போதும் சிறிது ஈரம் இருக்கும். அது வெளியேற வழியில்லாமல் அடைத்து வைத்தால் வேறென்ன ஆகும்? பருத்தித் துணி உறையில், அகலத் தோள் உள்ள ஹேங்கரில், காற்று படும்படி மாட்டியிருக்க வேண்டும்.

பாலு சித்தப்பா, 8:27
அன்றைக்கு யாரும் சொல்லவில்லையே அண்ணா.

முகிலன், 8:28
பெரியப்பா தோல் பதனிடும் வேலையில் இருந்தபோது எழுதிய கடிதங்களும் இதே நீளம்தான் என்று அப்பா சொல்வார்.

செல்வி அத்தை, 8:28
உண்மை. ஒரு கடிதத்துக்கு இரண்டு தபால்தலை.

நித்யா, 8:34
காட்டினேன். மறையவில்லை. வாடையும் இருக்கிறது.

பெரியப்பா, 8:41
பூஞ்சைதான். வீட்டுக்குள் தட்டாதே, தூள் பறந்து மற்ற துணிகளிலும் ஏறும். மொட்டை மாடிக்குக் கொண்டுபோ, மூக்கையும் வாயையும் மூடிக்கொள், மென்மையான பிரஷால் துடை. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒற்றி எடு. முதலில் உள்பக்கம் மறைவான இடத்தில் ஒரு சொட்டு வைத்து, சாயம் துணியில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள். பிறகு நிழலில், காற்றோட்டத்தில் ஒரு நாள் முழுக்கக் காயவிடு. ஈரத்தோலில் சூடு பட்டால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கி, அட்டை மாதிரி விறைத்துவிடும். விறைத்த தோலை எந்த எண்ணெயாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

முகிலன், 8:42
தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் தடவலாமா?

பெரியப்பா, 8:42
கூடாது!

அம்மா, 8:44
முகில், நீ போய்ப் படி.

செல்வி அத்தை, 8:47
நித்யா, தோள் தையலைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடு. அது நான் தைத்த இடமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

நித்யா, 8:50
[படம்]
வெள்ளை நூல் தொங்குகிறது அத்தை. தொட்டாலே அறுகிறது.

செல்வி அத்தை, 8:51
ஆமாம், நான் தைத்ததுதான். அண்ணா ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவின் தையல் இயந்திரத்தில் போட்டேன்.

பாலு சித்தப்பா, 8:52
அந்த இயந்திரம் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறதா அக்கா?

செல்வி அத்தை, 8:52
ஏன், வேண்டுமா?

பாலு சித்தப்பா, 8:53
கேட்டேன், அவ்வளவுதான்.

பெரியப்பா, 9:02
செல்வி, உன் கையில் குறையில்லை, நூல்தான் தவறு. வியர்வை, மழை, பூஞ்சை எல்லாம் சேர்ந்து பருத்தி நூலை மக்க வைத்துவிடும். இதற்குப் பிசின் பூசிய நைலான் நூலோ பாலியெஸ்டர் நூலோதான் வேண்டும். இன்னொன்றையும் சொல்கிறேன், எல்லோரும் கவனியுங்கள். துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும். தோலில் அது துளை போடும், அந்தத் துளை என்றைக்கும் மூடாது. பழைய துளைகளுக்கு நடுவே புதிதாகக் குத்தினால், தபால்தலை ஓரம் போல வரிசையாகக் கிழியும். அதனால் கையால்தான் தைக்க வேண்டும், பழைய துளைகள் வழியாகவே. ஒரே நூல், இரண்டு முனையிலும் முனை மழுங்கிய ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்திலிருந்தும் நுழைத்து இழுக்க வேண்டும். இப்படித் தைத்தால் ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மறு பக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையல் ஒரு கண்ணி போனால் அடுத்தடுத்ததும் தளரும்.

நித்யா, 9:04
வெளியே தெரிகிற வரிசையை மட்டும் தைத்தால் போதுமா பெரியப்பா? இரண்டு நாள்தான் இருக்கிறது.

பெரியப்பா, 9:06
போதாது. வெளியே தெரிவது துணைத் தையல். பளு முழுவதையும் தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் வரிசை. லைனிங்கைப் பிரித்துத்தான் அதை எட்ட முடியும். வண்டியிலிருந்து விழுந்து தரையில் உரசும்போது தோல் நன்றாக இருந்தும் தையல் விட்டுவிட்டால் உள்ளே இருப்பது உன் தோள்.

அம்மா, 9:06
😟

முகிலன், 9:08
சூப்பர் குளூ?

பெரியப்பா, 9:09
அது கண்ணாடி போல இறுகும், தோல் மடங்கும். பசை முடிகிற விளிம்பில் புதுக் கிழிசல் வரும். ரப்பர் பசைதான் சரி. அதுவும் தைக்கும் வரை ஓரங்களைச் சேர்த்துப் பிடிக்க மட்டும்.

பாலு சித்தப்பா, 9:15
[படம்]
இது கிடைத்தது. 1994. என்னைப் பின்னால் உட்கார வைத்து அண்ணா ஓட்டுகிறார். அதே ஜாக்கெட்.

செல்வி அத்தை, 9:15
எவ்வளவு ஒல்லியாக இருக்கிறாய் பாலு!

அம்மா, 9:17
அந்த வண்டியாவது இருந்திருக்கலாம்.

பாலு சித்தப்பா, 9:19
அண்ணி, வண்டியை விற்றது எல்லோரும் பேசி எடுத்த முடிவு.

செல்வி அத்தை, 9:19
என்னிடம் யாரும் பேசவில்லை.

அம்மா, 9:20
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா, 9:22
அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். நித்யா, முழங்கையில் பாதுகாப்புத் திண்டு இருக்கிறதா? எடுத்து அழுத்திப் பார்.

நித்யா, 9:27
இருக்கிறது. அழுத்தினால் மஞ்சளாக உதிர்கிறது. கை முழுக்கத் தூள்.

பெரியப்பா, 9:35
தூக்கிப் போடு. நுரை இற்றுவிட்டது, இனி அது அடியைத் தாங்காது. புதியது வாங்கும்போது ஈ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண் பொறித்திருக்கிறதா என்று பார். 50 ஜூல் அடியைப் போட்டுச் சோதிப்பார்கள். முதல் நிலைத் திண்டு என்றால் சராசரியாக 35 கிலோ நியூட்டனுக்கு மேல் விசை உடம்புக்குப் போகக் கூடாது. இரண்டாம் நிலை என்றால் 20. இரண்டாவதையே வாங்கு. இன்னொன்று, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வண்டியில் உட்காருவது போலக் கையை நீட்டு. திண்டு முழங்கையிலேயே நிற்கிறதா, நழுவுகிறதா?

நித்யா, 9:41
நழுவுகிறது. அப்பாவின் அளவு. ஜாக்கெட்டின் கை மணிக்கட்டுக்கும் கீழே தொங்குகிறது.

அம்மா, 9:42
அப்படியென்றால் அதைப் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

நித்யா, 9:42
அம்மா.

அம்மா, 9:43
அவர் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். பூஞ்சையைத் துடைத்து மாட்டி வைப்போம்.

பாலு சித்தப்பா, 9:44
கையில் இருக்கும் இழுப்புப் பட்டைகளை இறுக்கினால் சரியாகிவிடாதா அண்ணா?

பெரியப்பா, 9:48
கொஞ்சம் சரியாகலாம். இறுக்கிய பிறகும் திண்டை விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். தள்ளினால் நகர்கிறது என்றால், விழும்போது கட்டாயம் நகரும். ஞாயிற்றுக்குள் தையல் முடியாது என்பது என் கணக்கு. காய்வதற்கே நாளை முழுதும் போய்விடும்.

நித்யா, 9:50
தோழியிடம் ஒரு ஜாக்கெட் இருக்கிறது, என் அளவுதான். கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் இதையும் தைத்தே ஆக வேண்டும் பெரியப்பா. மாட்டி வைக்க மட்டும் இல்லை.

முகிலன், 9:51
ஜிப்பும் மேலே ஏற மறுக்கிறது, நான் இழுத்துப் பார்த்தேன்.

பெரியப்பா, 9:51
இழுக்காதே! உலோகப் பல் என்றால் மெழுகுவர்த்தியை இரண்டு பக்கமும் தேய்.

செல்வி அத்தை, 9:55
நைலான் நூல் வாங்கிக் கொடுத்தால் நானே கையால் தைக்கிறேன். பழைய துளை ஒன்றையும் விடமாட்டேன். பெரியண்ணா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும்.

பெரியப்பா, 9:56
என் கண்ணுக்கு இப்போது துளை தெரியாது. ஆனால் வருகிறேன்.

பாலு சித்தப்பா, 9:58
நூல் நான் வாங்குகிறேன். எந்தத் தடிமன்?

பெரியப்பா, 9:59
துளையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அம்மா, 10:03
தைப்பது யார் வீட்டில்?

செல்வி அத்தை, 10:03
என் வீட்டில்.

பாலு சித்தப்பா, 10:03
இங்கேயே வாருங்களேன்.

நித்யா, 10:06
அளவு கோல் வைத்துத் துளையின் படம் காலையில் போடுகிறேன். ஜாக்கெட்டை இப்போது மாடிக்கு எடுத்துப்போகிறேன். முகில், அந்தப் பழைய பிரஷ் எங்கே?

முகிலன், 10:07
எந்தப் பிரஷ்?