கலைச்சொல் வேண்டும்: நீர்க்கரடியின் 'கிரிப்டோபயோசிஸ்'

தே. எழுதியது:
அன்பர்களுக்கு வணக்கம். சிறுவர் அறிவியல் படப் புத்தகம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நீர்க்கரடிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். எட்டுக் கால், அரை மில்லிமீட்டர் உடம்பு, குடியிருப்பு பாசியில். பாசி காய்ந்தால் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு பீப்பாய் மாதிரி ஆகிவிடுகிறது. உடம்பில் நீர் 3 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். ஈரம் பட்டால் மறுபடி நடக்கிறது. 'நெடுந்துயில்' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த அக்கா மகன், "தூங்கினா மூச்சு விடுமே, இது விடுதா?" என்றான். விடுவதில்லை. இந்த நிலையைத்தான் 'கிரிப்டோபயோசிஸ்' என்கிறார்கள். அதற்குச் சொல் தாருங்கள்.

புலவர் அ. எழுதியது:
கரந்துயிர்ப்பு. கிரேக்கத்தில் 'கிரிப்டோ' மறைவு, 'பயோஸ்' உயிர். கரத்தல் என்பது மறைதல். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளித்துவைக்கும் சித்திரகவியைக் கரந்துறைபாட்டு என்கிறோம் அல்லவா? காய்ந்த உடலுக்குள் கரடி கரந்துறைகிறது. கரப்பான்பூச்சிகூட ஒளிந்து வாழ்வதால்தான் அப்பெயர் பெற்றது என்பது என் துணிபு. விரிவாகப் பின்னர்.

ம. எழுதியது:
ஐயா, கரப்பான் வேண்டாமே! இதைப் பலகையில் எழுதிப்போட்டால் என் வகுப்பில் பாதிப் பேர் 'கறந்து' என்று எழுதிக்கொண்டு மாட்டைத் தேடுவார்கள். சுண்டைக்காய் வற்றல் குழம்பில் கிடந்து உப்புகிறதே, அதேதான் இது. 'வற்றல் நிலை' என்று சொல்லிவிடுங்கள்.

செ. எழுதியது:
வற்றல் அழகு, ஆனால் பற்றாது. 1959இல் உயிரியலாளர் கீலின் கிரிப்டோபயோசிஸ் என்ற சொல்லை உருவாக்கியது எல்லா வகைக்கும் பொதுவாக. காய்வது அதில் ஒரு வழி. உறைவது இன்னொன்று: அண்டார்க்டிகாவில் 1983இல் எடுத்த பாசியை ஜப்பானில் உறைநிலையிலேயே வைத்திருந்து 2014இல் உருக்கினார்கள். உள்ளே இருந்த கரடி மெல்லக் காலை அசைத்தது, தின்றது, அப்புறம் முட்டையும் இட்டது. ஆக்சிஜன் இல்லாமல் போனாலோ கதை தலைகீழ். சுருங்காது, நீரை இழுத்து உப்பி விறைத்துப்போகும். உப்பிய வற்றல் எந்தக் கடையில் கிடைக்கும்? கரந்துயிர்ப்பிலும் சிக்கல்தான். உயிர்ப்பு என்றால் மூச்சு, அதுதானே நின்றுபோகிறது? உயிரடக்கம் சரிவருமா?

புலவர் அ. எழுதியது:
பாதி ஏற்கிறேன். அடக்கம் வேண்டாம், உயிரொடுக்கம் என்க. சைவ சித்தாந்தத்தில் ஒடுக்கம் என்பது அழிவன்று. எங்கே ஒடுங்கியதோ அங்கிருந்தே மீண்டும் தோன்றும். 'ஒருமையுள் ஆமைபோல்' என்று வள்ளுவர் சொன்னதையும் காலை இழுத்துக்கொள்ளும் இந்தக் கரடியோடு வைத்துப் பாருங்கள். இன்னொன்று, பீப்பாய் போர்த்துக்கீசியச் சொல். பெரிய பானைக்கு மிடா என்று நமக்கே ஒரு சொல் இருக்க, அது எதற்கு?

ம. எழுதியது:
மிடா எந்த ஊர் என்று கேட்பார்கள், ஐயா. பீப்பாய் தெருவில் உருள்கிறது. ஒடுக்கம் என்றால் எனக்கு ஒடுக்குமுறைதான் நினைவுக்கு வருகிறது. யாரோ கரடியை அடக்கி ஆள்வது போல.

யா. (யாழ்ப்பாணம்) எழுதியது:
நீங்கள் நுண்ணுயிரி என்பதை நாங்கள் நுண்ணங்கி என்று படித்தோம். இரண்டும் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஏதாவது ஒன்றை வைத்துத் தொடங்குங்கோ. உயிரடக்கம் மட்டும் வேண்டாம், செத்தவீட்டு நினைப்பு வருகிறது. என் வாக்கு ஒடுக்கத்துக்கு.

செ. எழுதியது:
சரி, ஒடுக்கமே இருக்கட்டும். எனக்கு நாளை தேர்வுத்தாள் திருத்தும் வேலை.

தே. எழுதியது:
அனைவருக்கும் நன்றி. இன்று மாலை கோப்பை அனுப்பிவிட்டேன். உயிரொடுக்கம் என்றே போட்டிருக்கிறேன். காய்ந்த கரடியின் படத்துக்கு அடியில் மட்டும் 'சுண்டைக்காய் வற்றலைப் போல' என்று ஒரு வரி, ம. அம்மாவுக்காக. பீப்பாயை மாற்றவில்லை.

புலவர் அ. எழுதியது:
என் கட்டுரைகளில் கரந்துயிர்ப்பு என்றே எழுதுவேன். மிடா குறித்து நாளை தனி மடல் வரும்.