பழைய பேஸ்பால் கார்டு: சென்னையில் இருந்துகொண்டு எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிக் காப்பது?

நங்கநல்லூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். டாப்ஸ்ங்கிற அமெரிக்கக் கம்பெனி போட்ட பேஸ்பால் வீரர் படக் கார்டு கையில் கொஞ்சம் இருக்கு: 1956 டாப்ஸ் மூணு, 1959 டாப்ஸ் ஒண்ணு, 1971 டாப்ஸ் ரெண்டு. எதுவும் கிரேடிங் நிறுவனம் பார்த்து, நிலைக்குப் பத்துக்கு எண் போட்டு, பிளாஸ்டிக் கேஸில் அடைச்சது இல்லை. மாசம் 3,000 ரூபாய் ஒதுக்க முடியும். பெரியவங்க வழிகாட்டணும்.

எந்த வருஷத்தைப் பிடிச்சு ஆரம்பிக்கலாம்? போலியையும் ஓரம் வெட்டின கார்டையும் எப்படிக் கண்டுபிடிக்கிறது? 1956 கார்டு ஒன்பது பாக்கெட் ஆல்பம் தாளில் நுழையவே மாட்டேங்குது, அது ஏன்? 1971 கார்டு ரெண்டும் வில் மாதிரி வளைஞ்சிருக்கு, மழைக்காலம் வேற வருது, என்ன செய்யலாம்? கடைசியா ஒண்ணு: 1952 டாப்ஸ், மிக்கி மேன்டில்ங்கிற நட்சத்திர வீரர் கார்டு, பழைய வீட்டுப் பரணில் கிடைச்சதுன்னு 9,000 ரூபாய்க்கு ஒரு விளம்பரம் இருக்கு. கேட்டுப் பார்க்கலாமா?

பழைய அட்டை:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். அந்த மேன்டிலை விட்டுவிடுங்கள். 1952 டாப்ஸில் மொத்தம் 407 கார்டு. மேன்டில் 311-ஆம் எண். 311 முதல் 407 வரை கடைசித் தவணையாக, பேஸ்பால் பருவம் முடியும் நேரத்தில் கடைக்கு வந்தவை. விற்காமல் தேங்கிய சரக்கை 1960-இல் படகில் கொண்டுபோய் அட்லாண்டிக்கில் கொட்டினார்கள். மிச்சம் இருப்பதில் மிக நல்ல நிலையில் இருந்த ஒரு மேன்டில் 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. மடிந்து கசங்கிய பிரதிக்கே பல ஆயிரம் டாலர் கொடுக்க வேண்டியிருக்கும்போது 9,000 ரூபாய்க்கு அசல் வர வழியில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: பலரும் நினைப்பதுபோல் இது அவருடைய முதல் கார்டு அல்ல. முதல் கார்டு, போமன் என்ற வேறு கம்பெனி 1951-இல் வெளியிட்ட எண் 253.

போலியைப் பிடிக்க முதல் கருவி ஸ்கேல். 1952 முதல் 1956 வரை டாப்ஸ் கார்டின் அளவு 2⅝ × 3¾ இன்ச், அதாவது 66.7 × 95.3 மி.மீ. 1957-இல்தான் 2½ × 3½ இன்ச்சுக்கு (63.5 × 88.9 மி.மீ.) மாறியது, இன்றுவரை அதுவே வழக்கம். உங்கள் 1956 கார்டு ஒன்பது பாக்கெட் தாளில் நுழையாததற்கு இதுதான் காரணம். 1983-இல் டாப்ஸ் கம்பெனியே 1952 கார்டுகளைச் சின்ன அளவில் மறுபதிப்பாக வெளியிட்டது. அதைப் பெரிய அளவு அசல் என்று நம்பி ஏமாறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டிஜிட்டல் வெர்னியர் (இரண்டு தாடைக்கு நடுவில் வைத்து அளக்கும் கருவி) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தாடை கார்டின் முனையை நசுக்கிவிடும், அதனால் கார்டின் மேல் அழுத்தாமல் பக்கத்தில் ஒட்டினாற்போல் பிடித்துப் பாருங்கள்.

இரண்டாவது கருவி, நகை ஆசாரி கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ். கார்டை எடுக்கும் முன் சிவகாசி தினசரி காலண்டரின் சாமி படத்தில் பழகுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்போல் வட்டம் கட்டி நிற்பது தெரியும். படத்துக்குக் கீழே உள்ள தேதியின் கறுப்பு எழுத்தில் புள்ளி இருக்காது, மை கெட்டியாக ஓரம் வரை நிறைந்திருக்கும். அசல் கார்டும் அப்படித்தான்: முகம் புள்ளி, கறுப்புக் கோடும் பின்பக்கச் சின்ன எழுத்தும் கெட்டி மை. அசலைப் படம் பிடித்து அச்சடித்த போலியில் எழுத்தும் புள்ளியாக உடைந்துவிடும், ஓரம் மணல் தூவியது போலத் தெரியும். 1952 கார்டில் பெயர்ப் பட்டையைச் சுற்றிய கறுப்புக் கோட்டின் மேல் லென்ஸை வைத்தால் அரை நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும்.

கறுப்பு விளக்கு எனப்படும் புற ஊதா டார்ச் மூன்றாவது. அட்டை வெள்ளை நீலமாகப் பளிச்சென்று மின்னினால் காகிதத்தில் ஒளியேற்றி ரசாயனம் இருக்கிறது என்று பொருள். அது 1940-களின் பின்பகுதிக்குப் பிறகே காகிதத்தில் சேர்க்கப்பட்டது. எனவே கௌடி கம்பெனியின் 1933 கார்டோ 1909–11 டி206 சிகரெட் கார்டோ மின்னினால் கதை முடிந்தது. மின்னாவிட்டால் மட்டும் அசல் என்று முடிவு கட்டாதீர்கள். பழைய வெற்றுத் தாளில் அடிப்பவர்களும் உண்டு.

1971 கார்டுக்கு வேறு வியாதி. நாலு பக்கமும் கறுப்பு பார்டர், அதனால் முனையில் மை உதிர்ந்தால் வெள்ளை எட்டிப் பார்க்கும். அதை மார்க்கர் பேனாவால் தடவி மறைப்பார்கள். கார்டை ஜன்னல் பக்கம் சாய்த்து, முகப்பை விட்டுவிட்டுப் பக்கவாட்டு ஓரத்தை லென்ஸில் பாருங்கள். அச்சு மை முகப்பில் மட்டும்தான் படிந்திருக்கும், அட்டையின் உடம்பு சாம்பலாகவே இருக்கும். பேனா மை நாருக்குள் இறங்கி ஓரத்தையும் கறுப்பாக்கிவிடும், சாய்த்தால் ஊதாவாகப் பளபளக்கும். இப்படி நிறம் ஏற்றிய கார்டுக்கு எந்தக் கிரேடிங் நிறுவனமும் எண் தராது.

வேளச்சேரி மாடி:

ஈரத்துக்கு நான் சொல்றேன். ஏன்னா இங்கே கார்டைத் திருடன் கெடுக்கிறதைவிடக் காத்துதான் அதிகம் கெடுக்குது.

1971 வளைஞ்சதுக்குக் காரணம், முகப்புப் பக்கம் பூச்சு இருக்கு, பின்பக்கம் வெறும் அட்டை. பின்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரியும், முன்பக்கம் விரியாது, அதனால ஓரங்கள் படத்தின் பக்கம் தூக்கும். இஸ்திரி போடாதீங்க, வெயில்ல காட்டாதீங்க. கார்டை ஸ்லீவ்ல (மெல்லிய பிளாஸ்டிக் உறை) போட்டு, ரெண்டு தட்டையான அட்டைக்கு நடுவில வெச்சு, மேலே ஒரு கனமான புத்தகம் வைங்க. இது எல்லாம் 50 சதவீத ஈரப்பதம் உள்ள டப்பாவுக்குள்ள நடக்கணும். ரெண்டு மூணு வாரத்தில தானா படியும். அறைக் காத்திலேயே அழுத்தி வெச்சா, எடுத்த மறுநாள் திரும்ப வளையும்.

டப்பா: ரப்பர் வளையம் வெச்ச மூடியோட 20 லிட்டர் சமையல் டப்பா போதும். உள்ளே 250 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி. ஜெல் ஆரஞ்சு நிறம் வாங்குங்க, ஈரம் ஏறினா கரும்பச்சையாகும். நீல ஜெல்லில் கோபால்ட் இருக்கு, வீட்டில குழந்தைங்க இருந்தா வேண்டாம். நிறம் மாறினதும் ஓவன்ல 110–120 டிகிரியில ரெண்டு மணி நேரம் வெச்சா திரும்ப உபயோகப்படும். கடாயில வறுத்தா கருகி வீணாப் போகும். ஈரமானி 45-லிருந்து 55-க்குள்ள நிக்கணும். 40-க்குக் கீழே போனா ஜெல்லைப் பாதி எடுத்துடுங்க. ரொம்பக் காய்ஞ்சாலும் கார்டு எதிர்ப்பக்கம் வளையும், மேல் பூச்சு வெடிக்கும்.

ராத்திரி ஏசி, பகல்ல நிறுத்தம். இதுதான் பெரிய வில்லங்கம். ஜில்லுன்னு இருக்கிற கார்டை எடுத்துட்டு ஹாலுக்கு வந்தா, ஐஸ் வாட்டர் சொம்பு வேர்க்கிற மாதிரி ஸ்லீவ் வேர்க்கும். டப்பாவைத் திறக்காம அரை மணி நேரம் ஹால்ல வெச்சிட்டு அப்புறம் திறங்க.

நாப்தலின் உருண்டை கூடவே கூடாது, பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்ட வைக்கும். ராமபாணம் வராம இருக்க ஈரத்தைக் குறைக்கிறதுதான் வழி. வெளிச் சுவரை ஒட்டின பீரோ, பீரோவின் கீழ்த்தட்டு ரெண்டும் வேண்டாம். 2015 டிசம்பரைப் பார்த்த ஊர் இது, தரைத்தளத்துல இருந்தா டப்பா லாஃப்ட்டுக்குப் போகட்டும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினா நம்ம வெயிலுக்கு உருகி ஓரத்தில ஒட்டிக்கும், எடுக்கும்போது அட்டையும் சேர்ந்து வரும்.

ஸ்லீவ், தாள் எதுவானாலும் பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியஸ்டர். பாரிமுனையில் கிடைக்கிற மெத்துன்னு இருக்கிற போட்டோ ஆல்பம் தாள் பெரும்பாலும் பிவிசி. புது ரெயின்கோட் வாசனை வரும். அதிலிருந்து கசியற எண்ணெய் சில வருஷத்தில் மையை இழுத்துக்கும். 1956 கார்டுக்கு எட்டு பாக்கெட் தாள்னு கேட்டு வாங்குங்க. சாதாரண ஸ்லீவ்ல போட்டா தலை வெளியே நீட்டும். பழைய பெரிய அளவுக்குன்னு தனி ஸ்லீவும் டாப்லோடரும் (மேல்பக்கம் திறந்த கெட்டி பிளாஸ்டிக் உறை) இருக்கு.

நங்கநல்லூர்வாசி:

ரொம்ப நன்றி சார். மூணு 1956-ஐயும் அளந்தேன். ரெண்டு கிட்டத்தட்ட 95 மி.மீ. உயரம். ஒண்ணு 93.8 தான் வருது. அகலம் மூணுக்கும் சரியா இருக்கு. பார்க்க அந்தக் கார்டுதான் நல்லா இருக்கு, மேல் முனை ரெண்டும் கூர்மை.

பழைய அட்டை:

அந்தக் கூர்மைதான் சந்தேகத்துக்கு இடம். தொழிற்சாலை வெட்டிலேயே சில பத்தில் ஒரு பங்கு மி.மீ. கூடக் குறைய வரும். ஒன்றரை மி.மீ. குறைவது அந்தக் கணக்கில் சேராது. நாலு ஓரத்தையும் லென்ஸில் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். கீழ் ஓரமும் பக்க ஓரமும் பழுப்பேறி, நார் லேசாகப் பிரிந்திருக்க, மேல் ஓரம் மட்டும் வெளுத்து மொழுமொழுவென்று இருந்தால் பிளேடு பட்டிருக்கிறது. மேல் முனை கூர், கீழ் முனை மொழுக்கை என்பதும் அதே சாட்சிதான். அறுபது எழுபது ஆண்டு தேய்மானம் ஒரு பக்கத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்காது. மற்ற இரண்டு கார்டையும் மேலே அடுக்கி, கீழ் ஓரத்தை மேசையில் தட்டிச் சமப்படுத்திப் பாருங்கள். வெட்டு சாய்வாக இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

வெட்டியது உறுதியானால் விற்றவரிடம் அளவைப் படத்தோடு அனுப்பிப் பணம் திரும்பக் கேளுங்கள். தர மறுத்தால் கார்டைத் தூக்கிப் போட வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாருக்காவது கொடுத்தால் ஓரம் வெட்டியது என்று சொல்லியே கொடுக்க வேண்டும்.

ராயபுரம் பார்சல்:

வாங்குற விஷயம். மாசம் 3,000-ன்னா மாசாமாசம் வாங்காதீங்க. அமெரிக்காவிலிருந்து ஒரு கார்டு வந்தாலும் இருபது வந்தாலும் தபால் செலவு கிட்டத்தட்ட ஒண்ணுதான். மூணு மாசப் பணத்தைச் சேர்த்து ஒரே விற்பனையாளர்கிட்ட ஒரே பார்சலா வாங்குங்க. சுங்கம் கார்டு விலையில் மட்டும் போடறதில்லை. விலை, அனுப்புற செலவு, இன்சூரன்ஸ் மூணையும் கூட்டி அதன் மேல் போடறாங்க, அதுக்கு மேல ஐஜிஎஸ்டி. கூரியர்ல வந்தா அவங்க கூலியும் தனி. விலையைக் குறைச்சு எழுதச் சொல்லாதீங்க. அது சட்டப்படி தப்பு, பார்சல் தொலைஞ்சா எழுதின தொகைதான் இன்சூரன்ஸ்ல வரும்.

அனுப்பும் முறையை வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டு எழுதி வாங்குங்க: ஸ்லீவ், அதுக்கு மேல டாப்லோடர், வாயில பெயின்டர் டேப், மூடற பிளாஸ்டிக் பை, ரெண்டு பக்கமும் நெளி அட்டை, அப்புறம் குமிழ் உறை. சாதா செல்லோ டேப் ஒட்டினா பிரிக்கும்போது கார்டு வெளியே வழுக்கி வந்து பசையில மாட்டும். நடுவில எவ்வளவு மழையில நனையும்னு சொல்ல முடியாது, அதனால அந்த மூடற பை கட்டாயம்.

படத்தைப் பார்த்து வாங்கும்போது நேர் ஸ்கேன் போதாது. மடிப்பு ஸ்கேனில் மறையும். பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்து எடுத்த படம், முன்னும் பின்னும், கேளுங்க. தர மாட்டேன்னா அடுத்தவரைப் பாருங்க. கேஸில் அடைச்ச கார்டுன்னா அதில் இருக்கிற சான்று எண்ணைக் கிரேடிங் நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தா மை கறை, படம் எவ்வளவு நடுவில இருக்குங்கிறது எல்லாம் ஒத்துப்போகுதான்னு பாருங்க. கேஸையே போலியாச் செய்யறாங்க.

எங்கே ஆரம்பிக்கிறது? என் அபிப்பிராயம் 1956 முழு செட் வேண்டாம், 340 கார்டு, நட்சத்திரங்கள் விலையில பட்ஜெட் தாங்காது. அதுக்குப் பதில் 1952 முதல் 1973 வரை வருஷத்துக்கு ஒரு சாதாரண வீரர், மொத்தம் 22 கார்டு. 1973 வரைக்கும் டாப்ஸ் தவணை தவணையா விட்டது, 1974-ல்தான் ஒரே தடவையா வந்தது. அதனால கடைசித் தவணை எண்களைத் தவிர்த்தா விலை குறையும்: 1961-ல் 523 முதல், 1966-லும் 523 முதல், 1967-ல் 534 முதல், 1972-ல் 657 முதல். கிரேடு மூணு நாலு தரத்தில, மடிப்பில்லாம, நாலு முனையும் உருண்டு சமமாத் தேய்ஞ்ச கார்டா எடுங்க. 22 வருஷத்து அட்டையும் மையும் கைக்குப் பழகினா போலி தொட்டதுமே தெரியும்.

பழைய அட்டை:

22 கார்டு யோசனைக்கு நானும் உடன்படுகிறேன். 1956-க்கு மட்டும் ஒரு விலக்கு. அந்த வருஷத்துக்குக் கொஞ்சம் கூடப் பணம் சேர்த்து எண் 31, ஹாங்க் ஆரன் என்ற நட்சத்திர வீரரின் கார்டைப் பாருங்கள். பின்னணிப் படத்தில் சறுக்கி வருபவர் ஆரன் இல்லை, வில்லி மேஸ் என்ற இன்னொரு வீரர். கேஸில் அடைத்ததாகவே வாங்குங்கள், அந்த விலையில் அடைக்காத கார்டு இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.