மூளைக் கட்டி ஆபரேஷன், ஈஈஜி (மூளையின் மின் அலைப் பதிவு): நேரில் பட்டவர்கள் எழுதுங்கள்

காசிமேடு ஏலக்காரன்:
முன்கதை வேண்டாம். இடது பக்கம் கிளையோமா என்ற மூளைக் கட்டி, பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில். அதனால் விழிக்க வைத்தே ஆபரேஷன். மண்டையைத் திறந்த பிறகு எழுப்பினார்கள். பின்னால் மூளையில் லேசான கரண்ட் கம்பியை இடம் இடமாகத் தொட்டுப் பார்க்க, ஒரு டாக்டரம்மா முகத்துக்கு நேரே படங்களைக் காட்டிக்கொண்டே வந்தார். "இது ஒரு" என்று தொடங்கிப் பெயர் சொல்ல வேண்டும். இது ஒரு குடை. இது ஒரு பூட்டு. அடுத்தது மீன்.

"இது ஒரு" வந்தது. மீன் வரவில்லை.

இருபது வருடமாக விடியற்காலையில் ஏலம் கூறுகிற வாய் இது. செதில் தெரிகிறது, வால் தெரிகிறது, கூடை என்ன விலைக்குப் போகும் என்பது கூடத் தெரிகிறது. பெயர் மட்டும் இல்லை. பின்னாலிருந்து யாரோ "இந்த இடம் வேண்டாம்" என்றார். கம்பியை எடுத்ததும் "மீன்!" என்று கத்திவிட்டேன். அந்த இடத்தில் நம்பர் போட்ட சின்னத் துண்டுச் சீட்டை வைத்துவிட்டு, அதைத் தொடாமல் கட்டியை எடுத்ததாக அப்புறம் சொன்னார்கள். நாலு வருடம் ஆகிறது. இன்றும் ஏலத்துக்கு முன்னால் ஒவ்வொரு கூடையாகப் பார்த்து வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். சங்கரா, வவ்வால், காரப்பொடி.

தண்டையார்பேட்டை அம்மா:
அண்ணா, மூளையில் கரண்ட் வைக்க எப்படி ஒத்துக்கொண்டீர்கள்? படிக்கவே பயமாக இருக்கிறது. என் மகளுக்கு ஏழாம் வகுப்பில் வலது கை மட்டும் துடிக்கும், ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். முதலில் காட்டிய இடத்தில் பரீட்சை பயம் என்றார்கள். ஆறு மாதம் போயிற்று. ஒரு நாள் மாமியார் அவள் கையில் பீரோ சாவிக்கொத்தைத் திணித்தார். துடித்த கையிலிருந்து அது பறந்துபோய் டிவி மேல் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் எம்ஆர்ஐ. கட்டியை எடுத்தாயிற்று, இப்போது மாத்திரை மட்டும். அந்த ஆறு மாதத்தை யாரிடம் போய்க் கேட்பது?

பெரம்பூர் ஈஈஜி டெக்னீஷியன்:
அக்கா, கரண்ட் என்று பயப்படாதீர்கள். சில மில்லி ஆம்பியர்தான், அதுவும் சில நொடி. கம்பி தொட்ட இடம் மட்டும் கொஞ்சம் வேலையை நிறுத்தும். மூளைக்கு வலி தெரியாது. வலிப்பது தோலும் மூளையை மூடிய சவ்வும்தான், அங்கே மரத்துப்போக ஊசி போட்டுவிடுவார்கள். நடுவில் வலிப்பு வந்தால் ஐஸ் மாதிரி குளிர்ந்த சலைனை மூளை மேல் ஊற்றுவார்கள், அடங்கும். அண்ணன் சொன்னதில் "இது ஒரு" வந்ததே, அதுதான் முக்கியம். அதுவும் நின்றிருந்தால் வாயசைவு நின்றது என்று பொருள். பெயர் மட்டும் நின்றால் அது பெயரைத் தேடி எடுக்கும் இடம்.

என் அனுபவம் சின்னது. ஒரு பெரியவருக்கு இடது நெற்றிப் பக்கம் மட்டும் அலை மெதுவாக, அகலமாக ஓடியது. "நல்லா இருக்காப்பா?" என்றார். நாங்கள் சொல்லக்கூடாது. "டாக்டர் சொல்வார் ஐயா" என்றேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

அப்புறம், சாவியெல்லாம் வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கடிகாரம் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முடிந்தால் செல்போனில் வீடியோ எடுங்கள், எந்தப் பக்கம் முதலில் துடிக்கிறது என்பது டாக்டருக்கு ரொம்ப உதவும். ஈஈஜிக்கு முன்னால் தலைக்குக் குளியுங்கள், எண்ணெய் வைக்காதீர்கள், எலக்ட்ரோடு ஒட்டாது. ஈஈஜி நார்மல் என்றால் கட்டி இல்லை என்று ஆகாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தண்டையார்பேட்டை அம்மா:
தம்பி, சாவி வேண்டாம் என்று எனக்கும் தெரியும். நான் கேட்டது அந்த ஆறு மாதத்தைப் பற்றி.

வியாசர்பாடி ஆய்வு மாணவி:
எடுத்த கட்டியில் ஒரு துண்டை உயிரோடு ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது என் வேலை. ஐஸில் வைத்த உப்புத் திரவம், அதில் ஆக்சிஜன் குமிழி. மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒரு செல்லின் மேல் நுண்ணிய கண்ணாடிக் குழாயை ஒட்டி அதன் மின்துடிப்பை அளப்போம். கிளையோமா செல்கள் நரம்புச் செல்களோடு இணைப்புப் போட்டுக்கொண்டு, அந்தத் துடிப்பாலேயே வளர்கின்றன என்று 2019-இல் நேச்சர் இதழில் கட்டுரைகள் வந்தன. நாங்கள் தேடுவதும் அதைத்தான்.

ஒரு நாள் ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில், நோயாளியோடு வந்த ஓர் அக்கா என் வாளியைக் காட்டி, "இதுலயா இருக்கு?" என்றார். ஒப்புதல் படிவத்தில் அவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆமாம் என்றேன். மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். நிமிடம் போகப்போக செல்கள் செத்துக்கொண்டிருக்கும். எடுங்கள் அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவராக எடுக்கும்வரை நின்றேன். அன்று ஒரு செல்கூடப் பதிவாகவில்லை.

காசிமேடு ஏலக்காரன்:
தங்கச்சி, என்னிடமும் அப்படி ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மனசோடுதான் போட்டேன். என் துண்டில் ஏதாவது துடித்ததா, யாருக்காவது பயன்பட்டதா, இதுவரை ஒரு சேதியும் இல்லை. அந்த அக்காவிடம் அப்புறம் யாராவது போய்ச் சொன்னீர்களா?