ஜென்ம பாவம் (ஆதாமிடமிருந்து எல்லோருக்கும் பிறவியிலேயே வருவதாகச் சொல்லப்படும் பாவம்): இன்னும் மனதை உறுத்தும் ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

தூத்துக்குடிக்காரி
அக்காவுக்குக் குறைமாதத்தில் பிறந்த பையன் ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்டான். அத்தான் அவனைத் துணியில் சுற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கி வந்தார், நானும் கூடப் போனேன். குழி வெட்டுகிற பெரியவர், "தண்ணி ஊத்தியாச்சா?" என்று கேட்டார். இல்லை என்றதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தார், கல்லறையே இல்லாத பக்கமாக. அவர் கெட்டவர் இல்லை, அவருடைய அப்பா காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. அத்தான் மட்டும் நகரவில்லை. "ஒரு ராத்திரிகூட இருக்கலையே, இவன் என்ன பாவம் பண்ணினான்?" என்று கேட்டார். அங்கே இருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு இன்னும் கோபம் அந்த மௌனத்தின் மேல்தான்.

பழைய பீடச்சிறுவன்
சகோதரி, அந்தப் பெரியவர் செய்தது இன்றைய திருச்சபையின் போதனை இல்லை. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் கதை சின்னது. என் தங்கை பிறந்து மூச்சுத் திணறியபோது அவசர ஞானஸ்நானம் கொடுத்தது ஓர் இந்து நர்ஸ். பாட்டி வார்த்தைகளைச் சொல்லச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார். அவர் கை நடுங்கியதைப் பாட்டி கடைசிவரை சொல்வார். அந்த ஞானஸ்நானம் செல்லும் என்றே பங்குச்சாமியார் பதிவேட்டில் எழுதினார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது மிக மிக லேசானது என்றார் புனித அகுஸ்தீன். ஜென்ம பாவமே இல்லை என்று போதித்த பெலாஜியுஸுக்கு எதிராக அவர் வாதாடிய காலம் அது. 418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தது. அகுஸ்தீனின் கடுமையைத் தாங்க முடியாமல்தான் பிற்கால இறையியலாளர்கள் 'லிம்போ' என்று, துன்பம் இல்லாத ஓர் இடத்தைச் சொன்னார்கள். அதைத் திருச்சபை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை. ஆதாமின் பாவம் நமக்கு வந்து சேர்ந்த நிலை, நாம் செய்த குற்றம் அல்ல என்று 1992-இல் வந்த மறைக்கல்வி நூல் தெளிவாகச் சொல்கிறது. இந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறோம் என்பதும் அதே நூலில் உள்ளதுதான். 2007-இல் வத்திக்கானின் இறையியல் குழு, அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு உறுதியான காரணங்கள் உண்டு என்று ஒரு தனி ஆவணமே வெளியிட்டது. 1983 திருச்சபைச் சட்டப்படி, பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால் ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கும் நடத்தலாம்.

அதனால் பங்குச்சாமியாரைப் பாருங்கள். அந்தச் சுவரோரத்தை ஆசீர்வதிக்கச் சொல்லுங்கள். கல்லறைத் திருநாளன்று அங்கேயும் வந்து செபிக்கக் கேளுங்கள். தயங்கினால் எழுதிக் கொடுங்கள்.

பாளை டீச்சர்
நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரர்கள். சண்டே ஸ்கூலில் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம் எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "ஆதாம் தின்னதுக்கு நாங்க ஏன் டீச்சர் சாகணும்?" என்றான். எசேக்கியேல் 18-இல் தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்று இருக்கிறது, ரோமர் 5-இல் ஒரே மனுஷனாலே பாவமும் மரணமும் வந்தது என்று இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது என்று நான் யோசிப்பதற்குள் பக்கத்தில் இருந்த சின்னவள் அவனிடம் திரும்பி, "எங்க அப்பா குடிச்சா எங்களுக்குத்தான் சோறு இல்ல. நாங்களா குடிச்சோம்?" என்றாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. குற்றம் வேறு, அதன் விளைவு வேறு என்று நாங்கள் பக்கம் பக்கமாகப் படித்ததை அவள் வீட்டிலேயே படித்திருந்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயதுகூட இருக்காது.

கோவை விசுவாசி
டீச்சர் சொன்ன வித்தியாசம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சாபம் நீங்க ஜெபிக்கிற ஒரு விடுதலைக் கூட்டத்தில், இது பரம்பரைச் சாபம், மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கிற தேவன் என்றார்கள். முன்னோர் செய்த பாவங்களை எழுதி வரச் சொன்னார்கள். மனைவி அழுதுகொண்டே எழுதினாள். தாளின் உச்சியில் தன் பெயர் இருப்பதை மகள் பார்த்துவிட்டாள். அந்தத் தாளை எடுத்து அவள் என்னிடம் நீட்டிய விதம் கண்ணை விட்டுப் போகவில்லை. யோவான் 9-இல் சீஷர்கள் இதே கேள்வியைத்தானே கேட்டார்கள்? இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று ஆண்டவரே சொன்ன பிறகு, எங்களிடம் பட்டியல் கேட்க இவர்கள் யார்? தாளைக் கிழித்துப் போட்டேன். பிறகு அந்தக் கூட்டத்துக்குப் போகவே இல்லை.

கோட்டயத்தில் படித்தவள்
நான் கத்தோலிக்கப் பெண். விடுதியில் என் அறைத்தோழி மலங்கரை ஆர்த்தடாக்ஸ், கேரளத்தின் பழைய கீழைத் திருச்சபைகளில் ஒன்றைச் சேர்ந்தவள். ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணமும் பலவீனமும்தான், அவனுடைய குற்றம் வரவில்லை என்பாள். அப்படியானால் கைக்குழந்தைக்கு எதற்கு ஞானஸ்நானம் என்று கேட்டேன். வாதாடாமல் தன் அண்ணன் குழந்தையின் மாமோதீசாவுக்கு, அதாவது ஞானஸ்நானத்துக்கு, கூட்டிப் போனாள். தண்ணீர், மூரோன் என்கிற அபிஷேகத் தைலம், அதே நாளில் குர்பானாவும் (நற்கருணை). பல் முளைக்காத வாயில் கத்தனார் (அவர்களுடைய குருவானவர்) குர்பானா கொடுத்ததைப் பார்த்தபோது, அந்தப் பிள்ளையைக் கிறிஸ்துவோடு சேர்ப்பதுதான் அங்கே முதல் எண்ணம் என்று புரிந்தது.

பீடச்சிறுவனுக்கு ஒன்று. நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் மனு எழுதுகிற வேலையை ஏன் அந்தக் குடும்பத்தின் தலையில் வைக்கிறீர்கள்? 1992-லேயே எழுதிவைத்த போதனை குழி வெட்டுகிறவர்வரை போகவில்லை என்றால், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது பங்குதான். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லச் சொல்லி நீங்களே உங்கள் சாமியாரிடம் கேளுங்கள்.