பென்டிரைவ் வீடியோ ரெக்கார்டரில் ஓடவில்லை, சத்தம் மட்டும் வருகிறது

கறுப்புத்திரை:
டிவியோடு இணைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க் ரெக்கார்டரில் பென்டிரைவைச் செருகித்தான் வீட்டில் எல்லாரும் வீடியோ பார்ப்போம். போன மாதம் போன் மாற்றினேன். புது போனில் எடுத்த மகளின் நடன வீடியோவைப் போட்டால் பாட்டு கேட்கிறது, படம் வரவில்லை. பழைய போனில் எடுத்தவை ஜோராக ஓடுகின்றன. இத்தனைக்கும் இரண்டும் எம்பி4! இன்னொரு எம்கேவி கோப்பில் நேர்மாறு: படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. அதை எம்பி4 என்று பெயர் மாற்றியும் பார்த்துவிட்டேன். கம்ப்யூட்டரில் எல்லாமே ஓடுகின்றன. ரெக்கார்டர் போய்விட்டதா?

கம்பிவால்:
ரெக்கார்டருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எம்பி4, எம்கேவி எல்லாம் வெறும் டப்பா. உப்பு டப்பாவில் சர்க்கரை என்று எழுதி ஒட்டிய கதைதான் நீங்கள் பெயர் மாற்றியது. உள்ளே படத்துக்கு ஒரு கோடெக் (சுருக்கி வைக்கும் முறை), சத்தத்துக்கு ஒரு கோடெக் இருக்கும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மூன்றையும் திறந்து, அது காட்டுவதை இங்கே போடுங்கள்.

கறுப்புத்திரை:
பழைய போன்: ஏவிசி, 1920 × 1080, 8 பிட், ஏஏசி ஆடியோ.
புது போன்: எச்இவிசி, 3840 × 2160, 10 பிட், ஏஏசி ஆடியோ.
எம்கேவி: ஏவிசி, 1920 × 1080, 8 பிட், டிடிஎஸ் ஆடியோ.

கம்பிவால்:
நினைத்தேன். ஏவிசி என்பது எச்.264, 2003இல் வந்தது, அநேகமாக எல்லாப் பெட்டிக்கும் தெரியும். எச்இவிசி என்பது எச்.265, 2013இல் வந்தது. உங்கள் ரெக்கார்டரின் சிப்புக்கு அதைப் பிரிக்கத் தெரியவில்லை. ஏஏசி தெரியும், அதனால் பாட்டு மட்டும் கேட்கிறது. எம்கேவியில் டிடிஎஸ் ஆடியோதான் இடிக்கிறது.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நடன வீடியோவை எச்.264, 8 பிட், 1080, லெவல் 4.1, 30 ஃபிரேம் என்று மாற்றுங்கள். எம்கேவியையும் அதிலேயே போட்டுவிடலாம்.

பழையபெட்டி:
எம்கேவியை அப்படிச் செய்யாதீர்கள். படம் ஏற்கெனவே சரியாக ஓடும்போது எதற்கு அதை மறுபடி அரைப்பது, அதாவது மறுபடி சுருக்குவது? நேரமும் போகும், தரமும் குறையும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் வீடியோவை அப்படியே நகலெடுத்து, ஆடியோவை மட்டும் ஏசி3 என்ற ஆடியோ கோடெக்காக மாற்றச் சொல்லுங்கள். சில நிமிட வேலை.

அப்புறம், போன் கேமரா செட்டிங்கில் 'உயர் திறன்' என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். இனி எடுப்பது எச்.264 ஆகவே பதிவாகும்.

கறுப்புத்திரை:
நன்றி. எம்கேவிக்குச் சத்தம் வந்துவிட்டது. ஆனால் அது 6 ஜிபி. பென்டிரைவில் ஏறவில்லை, அதனால் பென்டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் ஃபார்மேட் செய்து ஏற்றினேன். இப்போது ரெக்கார்டர் 'சாதனத்தை ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கிறது. ஆம் கொடுக்கலாமா?

பழையபெட்டி:
வேண்டாம்! கொடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். அதற்கு எக்ஸ்ஃபேட் புரியவில்லை, அவ்வளவுதான். கோப்புகளைக் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்திவிட்டு பென்டிரைவை மறுபடி ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்புக்கு மாற்றுங்கள். அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்குள்தான் இருக்க வேண்டும்; எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் இரண்டாக வெட்டுங்கள். மறு அரவை இல்லாமலே வெட்டும். சில ரெக்கார்டர்கள் என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு அமைப்பையும் படிக்கும், அதில் பெரிய கோப்பும் ஏறும்; கையேட்டில் பாருங்கள்.

கறுப்புத்திரை:
நல்லவேளை, அழுத்துவதற்கு முன்பே கேட்டேன். இரண்டாக வெட்டியதும் ஓடுகிறது, நடன வீடியோவும் ஓடுகிறது. பழைய போனில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த ஒன்று மட்டும் படுக்கையாகத் தெரிகிறது. மகள் சுவரில் நடந்து போகிறாள்.

கம்பிவால்:
போன் படத்தைத் திருப்பாமல், 'திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைத்திருக்கும். ரெக்கார்டர் அந்தக் குறிப்பைப் படிக்கவில்லை. அதை மட்டும் ஹேண்ட்பிரேக்கில் ஒருமுறை ஓட்டுங்கள், படத்தையே திருப்பி எழுதிவிடும்.

கறுப்புத்திரை:
திரும்பிவிட்டாள்.