அதிபர் ஒரு கட்சி, நாடாளுமன்றம் இன்னொரு கட்சி: பிரான்சும் இலங்கையும் ஏன் வேறுபட்டன?

கேள்வி:
அமெரிக்காவில் 1995 டிசம்பரில், ஜனநாயகக் கட்சி அதிபர் கிளிண்டனுக்கும், குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட நாடாளுமன்றமான காங்கிரஸுக்கும் வரவுசெலவில் உடன்பாடு எட்டப்படாததால், அரசு அலுவலகங்கள் பல 21 நாள்கள் மூடிக் கிடந்தன. பிரான்சிலும் இலங்கையிலும் இதே பிளவு வந்தபோது நிகழ்ந்தவை வேறு. காரணம் என்ன?

மறுமொழி 1:
அமெரிக்க அதிபரால் காங்கிரஸைக் கலைக்க முடியாது. காங்கிரஸாலும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரை இறக்க முடியாது. எனவே மோதல் பணத்தில் போய் முட்டுகிறது. பிரான்சிலோ அரசின் கொள்கையை வகுப்பது பிரதமர் தலைமையிலான அரசாங்கம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. 1986 ஜூலையில், தனியார்மயமாக்கலுக்கான அவசர ஆணையில் கையெழுத்திட சோசலிஸ்ட் அதிபர் மித்தரான் மறுத்தபோது, வலதுசாரிப் பிரதமர் ஷிராக் அதையே நாடாளுமன்றத்தில் சட்டமாக நிறைவேற்றிக்கொண்டார். அதிபரால் தாமதிக்க முடிந்ததே தவிர, தடுக்க முடியவில்லை.

மறுமொழி 2:
எங்கள் இலங்கையில் அப்படி ஒதுங்கிக்கொள்ளும் ஜனாதிபதியை 1978 அரசியலமைப்பு உருவாக்கவில்லை; அமைச்சரவையின் தலைவரே அவர்தான். 2003 நவம்பரில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க வாஷிங்டனில் இருந்த வேளையில், பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் ஜனாதிபதி சந்திரிகா தம் வசம் எடுத்துக்கொண்டார். புலிகளுடன் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் பிரதமர். படை இருந்ததோ ஜனாதிபதியின் கையில். இனி யாருடைய சொல்லை நம்பிச் சமாதானம் பேசுவது என்ற கேள்வி, வடக்கில் வானொலியைச் சுற்றி அமர்ந்திருந்த எங்களுக்கு வெறும் அரசியல் பாடமாக இருக்கவில்லை. 2018இல் ஜனாதிபதி சிறிசேன அதே ரணிலைப் பதவி நீக்கி, பாராளுமன்றத்தையும் கலைத்தார். பாராளுமன்றம் கூடி நான்கரை ஆண்டுகள் முடியும்வரை ஜனாதிபதி தாமாக அதைக் கலைக்க முடியாது என்ற 19ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இருந்ததால்தான், நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் டிசம்பர் 13 அன்று ஒருமனதாக அக்கலைப்பைச் செல்லாததாக்கினர்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இரு தேர்தல்களையும் அடுத்தடுத்து நடத்தினால் இப்பிளவு நீங்காதா?

மறுமொழி 1:
பிரான்ஸ் அதைத்தான் செய்தது. 2000ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில் அதிபரின் பதவிக்காலத்தை ஏழிலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் குறைத்து, அதிபர் தேர்தலை ஒட்டியே நாடாளுமன்றத் தேர்தலும் வருமாறு அமைத்தார்கள். இருபது ஆண்டுகள் அது பலித்தது. ஆனால் 2022இல் மக்ரோனின் அணிக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 2024இல் அவர் அவையைக் கலைத்துத் தேர்தல் நடத்தியும் எவருக்கும் அது அமையவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே பிரதமர் பார்னியேயின் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது.