ஃபைபர் திரும்பினா ஐபி போன் மட்டும் ஊமை: மைக்ரோடிக் தெரிஞ்சவங்க உதவுங்க

ராயபுரத்துல ஒரு சின்ன ஆபீஸ். மைக்ரோடிக் ரூட்டர், அதுல ரூட்டர்ஓஎஸ் 7. மெயின் லைன் ஃபைபர், டிஸ்டன்ஸ் 1; அது போனா பேக்கப் 4ஜி, டிஸ்டன்ஸ் 2 (நம்பர் சின்னதா இருக்கிற ரூட்டுக்குத்தான் முன்னுரிமை).

ஃபைபர் உயிரோட இருக்கான்னு பார்க்க கேட்வேயை பிங் பண்ணிப் பிரயோஜனமில்ல. தெருவுல கேபிள் அறுந்தாலும் உள்ள இருக்கிற ஓஎன்டி (ஃபைபர் மோடம்) 192.168.1.1 பதில் சொல்லிட்டேதான் இருக்கும். அதனால வெளியில இருக்கிற கூகுள் டிஎன்எஸ் 8.8.8.8-ஐ ஃபைபர் வழியா மட்டும் விட்டு, அதையே டீஃபால்ட் ரூட்டோட கேட்வேயா வெச்சு பிங் பண்ண விட்டிருக்கேன் (8.8.8.8 ரூட்டுக்கு ஸ்கோப் 10, டீஃபால்ட் ரூட்டுக்கு டார்கெட் ஸ்கோப் 11, செக்-கேட்வே பிங்). 4ஜிக்கு ஒழுங்கா மாறுது.

ஃபைபர் திரும்பினதும்தான் தலைவலி. ஐபி போன் பேசற 5060 போர்ட்டோட (எஸ்ஐபி) பழைய யுடிபி என்ட்ரி, ரூட்டரோட கனெக்ஷன் லிஸ்ட்ல, 4ஜிக்காக மாத்தின நாட் (NAT) முகவரியோடயே ஒட்டிக்கிட்டு நிக்குது. போன் நிமிஷத்துக்கு ஒரு தடவை ரிஜிஸ்டர் கேக்கறதால அது காலாவதியும் ஆகறதில்ல. கனெக்‌ஷன்ஸ்ல போய் கையால அழிச்சா உடனே சரி.

நெட்வாட்ச் (ஒரு முகவரியை விடாம பிங் பண்ணிப் பாக்கற வசதி) அப்-ஸ்கிரிப்ட்ல, அதாவது லைன் திரும்பினதும் ஓடற ஸ்கிரிப்ட்ல, 5060 என்ட்ரியை மட்டும் அழிக்கிறது எப்படி? ரூட் மாறுறதுக்கு முன்னாடியே அழிஞ்சா வீண். எத்தனை செகண்ட் டிலே வைக்கறீங்க? ஓடற ஸ்கிரிப்ட் இருந்தா அப்படியே போடுங்க.